தேரிக்காரியுடன் ஊட்னடாட்டா பாதையில்

இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டிதான் அம்மாவை அடிலெய்டு விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தது. ஒளிக்காமல் மறைக்காமல் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரி ஒரு வட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், இது எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். "பனை" என்றாள் அம்மா, இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது என்ற தோரணையில். கடைசியில் ஓலைப்பெட்டியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். கருப்பட்டி எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அம்மா குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வெளியே தேரி என்றால் பலருக்குத் தெரியாது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் மைல்கணக்கில் கிடக்கும் செம்மணல் மேடுகள் அவை. காற்றடித்தால் மேடே இடம் மாறும். பனையும் கொல்லாமரமும் உடைமரமும்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். நான் அந்த மண்ணை விட்டுக் கிளம்பிப் பதினாறு வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் அதை இரண்டே முறைதான் மிதித்திருக்கிறார்கள்.

ஜூலையில் பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஆஸ்திரேலியாவின் உள்வயிற்றுப் பகுதியை இங்குள்ளவர்கள் அவுட்பேக் என்கிறார்கள். கூடாரத்தைக் காரில் கட்டிக்கொண்டு அங்கே போவது இங்கே நடுத்தரக் குடும்பங்களின் ஒரு சடங்கு. நாங்கள் ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தோம். அம்மா வந்த வருடம்தான் வாய்த்தது. அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவளை வீட்டில் விடுவதா அழைத்துப்போவதா என்று நானும் என் கணவரும் சமையலறையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைக் கூடத்திலிருந்தே கேட்டுவிட்டாள். "எல்லோரும் போய்விட்டால் நான் இந்த ஹீட்டரோடு என்ன பேசிக்கொண்டிருப்பது?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினேன். அடிலெய்டிலிருந்து நேர் வடக்கே ஃபரீனா, மரீ. அங்கிருந்து வடமேற்கே ஊட்னடாட்டா பாதை. மரீயில் தொடங்கி மார்லாவில் முடிகிற, 600 கிலோமீட்டருக்கும் அதிகமான மண்சாலை அது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"தண்ணீர் எங்கே இருக்கிறது?"

"எண்பது லிட்டர் கொண்டுபோகிறோம் அம்மா. நான்கு கேன்."

"நீ கொண்டுபோவதைக் கேட்கவில்லை. அந்தச் சீமையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்."

"அங்கே ஒன்றும் கிடையாது. அதைப் பார்க்கத்தான் போகிறோம்."

"ஒன்றும் இல்லாத இடத்துக்கு எவனாவது பாதை போடுவானா?"

அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நான் என் அட்டவணைக்குத் திரும்பினேன். எந்த நாள் எங்கே கிளம்புவது, எங்கே டீசல், எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று வண்ணம் தீட்டி, ஆறு தாள்களில் அச்சிட்டு வைத்திருந்தேன். அலுவலகத்தில் எனக்கு இதுதான் வேலை. வீட்டிலும் விடுவதில்லை. பொருட்களின் பட்டியல் தனி: இரண்டு கூடாரம், அம்மாவுக்கு ஒரு மடக்குக் கட்டில், கனத்த இரும்புச் சட்டி, காற்றடிக்கும் பம்பு, இருவழி ரேடியோ, வாடகைக்கு எடுத்த செயற்கைக்கோள் தொலைபேசி, இரண்டு ஸ்டெப்னி. அதில் ஒரு ஸ்டெப்னியைக் கூரைமேல் பாரம் கூடுகிறது என்று அவர் அடித்துவிட்டார். இதை இங்கே குறித்துவைக்கிறேன், பின்னால் வரும். அம்மாவின் பட்டியல் வாய்வழியாக வந்தது: சுக்கு, மல்லி, கருப்பட்டி, ஒரு செம்பு. செம்பு எதற்கு என்று பேத்தி கேட்டாள். "போகிற இடத்தில் உனக்கே தெரியும்" என்றாள் ஆச்சி.

முதல் நாள் ஓரரூ என்ற சிற்றூர் வழியாகப் போனோம். அந்த வட்டாரத்தில் ஒரு கோடு ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு, ஆனாலும் அதற்கு நினைவுக்கல் உண்டு. 1865இல் பெரும் வறட்சி. அன்றைய தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் காய்டர் குதிரையேறிப் புறப்பட்டு, எந்த இடத்தோடு மழையை நம்பலாம், எந்த இடத்துக்கு வடக்கே நம்பக்கூடாது என்று கோடு கிழித்தார். மழை அளந்த கணக்கு அவர் கையில் அதிகம் இல்லை. செடியைப் பார்த்துத்தான் கிழித்தார். சால்ட்புஷ் என்னும் உப்புச்செடி தொடங்கும் இடத்தில் கோதுமைக்கு வேலையில்லை என்பது அவர் கணக்கு. அடுத்த சில வருடங்கள் மழை நன்றாகப் பெய்ததால் மக்கள் கோட்டைத் தாண்டி வடக்கே ஏறினார்கள். ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னால் வரும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை, அதைப் படித்தவர்களே சொன்னார்கள். இதை வண்டியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"மழைக்கு ஏர் என்ன மாமனா மச்சானா, கூப்பிட்டால் வர?" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் வடக்கே போகப் போகச் சாலையின் இரண்டு பக்கமும் கூரையில்லாத கல்வீடுகள். புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது, வாசல் வழியே வானம் தெரிகிறது. 1880களின் வறட்சியில் விட்டுவிட்டுப் போன குடும்பங்களின் வீடுகள். சுற்றுலாக்காரர்கள் நிறுத்திப் படமெடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அம்மா இறங்கவில்லை. குடியிருந்தவர்கள் விட்டுப்போன வீட்டு வாசலில் நின்று சிரித்துப் படமெடுப்பது நல்லதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஃபரீனா அப்படிப்பட்ட வீடுகளால் மட்டுமே ஆன ஊர். 1878இல் மனை அளந்து போட்டபோது கோதுமை விளையும் என்ற ஆசையில், லத்தீனில் மாவு என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1882இல் ரயில் வந்தது. கோதுமைதான் வரவில்லை. இன்றைக்கு அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் நிலத்துக்கு அடியில் கட்டிய ஒரு பழைய ரொட்டி அடுப்பு பிழைத்துக் கிடக்கிறது. குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் தொண்டர்கள் வந்து, அதில் விறகு போட்டு ரொட்டி சுடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு, இரண்டு டிகிரிக் குளிரில், இடிந்த ஊரின் நடுவே ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். மாவு விளையாத மாவூரில் வெளிமாநில மாவில் சுட்ட ரொட்டி. மேல்தோல் கருகி, உள்ளே பஞ்சாக இருந்தது. அம்மா அதைச் சுக்குக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டாள். கூடாரத்தில் கழித்த முதல் இரவைப் பற்றிய அவள் தீர்ப்பும் அப்போதுதான் வந்தது: "வீடு இருக்கும்போது வெளியில் படுப்பதற்கா இவ்வளவு செலவு? நாங்கள் சும்மாவே படுத்தோம்."

மரீயில் டீசல் போட்டோம். கைவிட்ட ரயில் நிலையத்தில் துருப்பிடித்த இன்ஜின்கள் நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய சின்ன மசூதி ஒன்று, பழையதன் மாதிரியாகத் திரும்பக் கட்டியது. ரயிலுக்கு முன்னால் இந்த நாட்டின் சரக்கு ஒட்டகத்தின் முதுகில்தான் போனது. 1860இல் ஒரு தேடற்குழுவுக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்போர்னுக்குக் கப்பலேறின. 1866இலிருந்து நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கின, ஓட்டுவதற்கு ஆட்களும் வந்தார்கள். பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், காந்தகார் என்று எங்கிருந்து வந்தவராக இருந்தாலும் வெள்ளைக்காரர்களின் வாயில் அவர் ஆப்கான்தான். பிறகு வந்த ரயிலுக்கும் கான் என்றே பெயர் நின்றது. அவர்களில் நம் ஊர்க்காரர் யாரும் இருந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் அவர்கள் நட்ட பேரீச்சைகளைப் பார்த்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மட்டையைத் தொட்டுப் பார்த்து, "நம்ம பனைக்குத் தங்கச்சி" என்றாள்.

மரீயைத் தாண்டினால் மண்சாலை. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் அலை அலையாக எழுந்திருக்கும் மேடுகள் பல்லை உதிர்த்துவிடும். எதிரே அரை மணிக்கு ஒரு வண்டி வரும். வருகிறவர் ஸ்டீயரிங்கை விடாமல் ஒற்றை விரலை உயர்த்துவார். அதுதான் இங்கே வணக்கம். முன் இருக்கையிலிருந்த அம்மா முதல் நான்கைந்து வண்டிகளுக்கு இரண்டு கையையும் கூப்பினாள். மரியாதை பெரிது, நேரம் போதவில்லை. பிறகு அவளும் ஒரு விரலுக்கு வந்துவிட்டாள்.

சாலையோரத்தில் யாரோ இரண்டு பழைய விமானங்களை வால் தரையிலும் மூக்கு வானத்திலுமாக நட்டுவைத்திருக்கிறார்கள், சிற்பமாம். அதைத் தாண்டிய சற்று நேரத்தில் பின்சக்கரத்தில் சத்தம் மாறியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அவர் ஜாக்கியை வைத்து உயர்த்தினார். வண்டி உயர்வதற்குப் பதில் ஜாக்கி மணலில் இறங்கியது. இன்னொரு முறை. இன்னும் ஆழமாக இறங்கியது. நான் இரண்டாவது ஸ்டெப்னியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதை அவர் உணரும்படியாகத் திறக்காமல் இருந்தேன். அம்மா பின்பக்கம் போய், சமையல் பெட்டியைத் திறந்து, காய் வெட்டும் பலகையை எடுத்துவந்து நீட்டினாள். "மணலில் எதையும் சும்மா நிறுத்தக்கூடாது மாப்பிள்ளை. அடியில் பலகை கொடுங்கள்." பலகை நடுவில் விரிசல் விட்டது, ஆனால் தாங்கியது. அதற்குள் கேரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்திவிட்டார்கள். உதவி தேவையில்லை என்று சொல்லியும் கடைசி நட்டு இறுகும்வரை அவர்கள் கிளம்பவில்லை. அந்தப் பெரியவர் எங்கள் நான்கு சக்கரத்திலும் காற்றை அளந்து, இன்னும் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். இனி மிச்சமிருக்கும் வழி முழுக்க ஸ்டெப்னி கிடையாது.

கட்டி தண்டா என்பதும் ஏர் ஏரி என்பதும் ஒன்றுதான். முதலாவது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் வைத்த பெயர், இரண்டாவது வெள்ளைக்காரர் வைத்தது. 2012இலிருந்து அரசுப் பதிவில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதன் தென்பகுதியைப் பார்க்கச் சாலையோரத்திலேயே ஒரு மேடு உண்டு. ஏறிப் பார்த்தால் அடிவானத்தில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு கோடு, அவ்வளவுதான். இந்தக் கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம் இந்த ஏரிதான், கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் தண்ணீர் இங்கேதான் வடிய வேண்டும், ஆனால் பெரும்பாலும் வந்து சேருவதில்லை. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து, பாதி வழியிலேயே மண்ணும் வெயிலும் குடித்துவிட, மிச்சம் இருந்தால் ஏரிக்கு. 1974இல் நிறைந்ததைத்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதை விளக்கத் தொடங்கியபோது அம்மா பாதியிலேயே தலையாட்டிவிட்டாள். "தருவை" என்றாள்.

எனக்கு அந்தச் சொல்லே மறந்துபோயிருந்தது. சாத்தான்குளம் பக்கம் புத்தன்தருவை என்று ஊரே உண்டு. தேரியை ஒட்டிய தாழ்வான நிலத்தில் ஐப்பசி கார்த்திகை மழைக்கு நிறைந்து, கோடையில் வெடித்துக் கிடக்கும் அகன்ற நீர்நிலைக்கு எங்கள் ஊரில் ஏரி என்றோ குளம் என்றோ பெயர் இல்லை, தருவை. நிறைந்தால் பறவை வரும், வற்றினால் மாடு மேயும். இரண்டும் அதன் இயல்புதான், வற்றியிருப்பதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். இங்கே நான் படித்த ஒவ்வொரு பயணக் குறிப்பும் இந்த ஏரியை ஏமாற்றம் என்றோ அதிசயம் என்றோ எழுதியிருந்தது. அறுபத்தெட்டு வயதுத் தேரிக்காரிக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும் வழியில் சதைப்பற்றான ஒரு செடியைக் குனிந்து கிள்ளாமல் தொட்டுப் பார்த்து, "இது உமரி" என்றாள். அதே செடி அல்ல. அதே குடும்பம் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏரிப்படுகையில் இறங்கி நடக்க வேண்டாம் என்று அரபானா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். உப்பின் மேல் ஓடிப் பார்க்கச் சின்னவன் அழுதான். அழுதுவிட்டு வண்டியில் ஏறினான்.

அதன்பின் அரை மணி நேரத்தில் அம்மாவின் கேள்விக்குப் பதில் வந்தது.

பாதையிலிருந்து விலகிக் கொஞ்ச தூரம் போனால் மொட்டைச் சமவெளியில் கவிழ்த்த சட்டி போல் சில மேடுகள். ஒன்றின் உச்சிக்கு மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேலே ஏறினால் வட்டமான ஒரு குட்டை. கொதிக்கும் குமிழி என்கிற பொருளில் பப்ளர் என்று அதற்குப் பெயர். உண்மையில் கொதிக்கவில்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான். முதலில் பார்த்தால் தெளிந்த நீரும் அடியில் சாம்பல்நிற மணலும். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மணல் நடுவில் மெல்ல வீங்குகிறது. பொங்கல் பானையில் முதல் கொதி எழுவது போல ஒரு மணல் மொட்டு எழும்பி, சத்தமில்லாமல் உடைந்து, வளையமாக விரிந்து அடங்குகிறது. சில விநாடிகள் சும்மா இருக்கிறது. மறுபடி வேறொரு பக்கத்தில் வீங்குகிறது. ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வழிந்து, அதன் இரண்டு கரையிலும் கோரை பச்சையாக நின்று, மேட்டிலிருந்து இறங்கியதும் நாலு எட்டில் மண்ணுக்குள் காணாமல் போகிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அது ஒன்றுதான் பச்சை.

அம்மா செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே விட்டிருந்தாள். நான் கவனித்தபோது வெறுங்காலோடு குளிர்ந்த பலகையில் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் குலசாமி தேரிக்குள் மேலப்புதுக்குடியில் இருக்கிறார். பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார். செம்மணல் காட்டின் நடுவே வற்றாத ஒரு சுனை, அதற்குக் காவலாக ஒரு சாமி. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கிப் பொங்கலிடுவோம். சின்ன வயதில் எனக்கு அது கூட்டமும் புழுதியுமாகத்தான் நினைவிருந்தது. பெயரைப் பிரித்துப் பார்க்கவே தோன்றியதில்லை.

பெரியவள் அங்கிருந்த பலகையை ஆச்சிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அரபானா மக்களின் கதைப்படி, முன்னோர் ஒருவர் கன்மரி என்ற பாம்பைத் துரத்திவந்து இங்கே கொன்றாராம். தலையை வெட்டி எறிந்ததில் அது பக்கத்துக் குன்றாகிவிட்டதாம். இந்த இடத்துக்கு வப்மா கடர்பு என்று பெயர், பாம்பின் தலை என்று பொருள். குட்டையில் புரள்வது அந்தப் பாம்பின் துடிப்பு. "சரிதான்" என்றாள் அம்மா. "சுனை என்றால் பாம்பு இல்லாமல் இருக்குமா?"

இந்தத் தண்ணீர் இங்கே பெய்ததல்ல. கிழக்கே குயின்ஸ்லாந்து மலைகளில் பெய்த மழை பாறையிடுக்கில் இறங்கி, வருடத்துக்குச் சில மீட்டர் வீதம் நிலத்தடியில் நகர்ந்து வருகிறது. இந்தப் பெரும் நிலத்தடி நீர்ப்படுகை 17 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் பாதிக்கு மேல். ஓரத்துக்கு வந்து சேரும் தண்ணீரில் பத்து லட்சம் வருடத்துக்கு மேல் வயதானதும் உண்டு என்கிறார்கள். படுகை விளிம்பில் அழுத்தம் தாங்காமல் பீறிடும்போது, தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு படிந்து படிந்து இந்த மேடு எழுகிறது. பாம்பின் தலையான அந்தக் குன்றும் ஒரு காலத்தில் இப்படி ஓடி, வறண்டு செத்த ஊற்றுதான். அறிவியலும் அதைச் செத்தது என்றே சொல்கிறது. மேய்ச்சல் பண்ணைகளுக்காக நூறு வருடத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணறுகளை மூடாமல் ஓடவிட்டார்கள். இப்போது தெற்கே ஒரு பெரிய சுரங்கம் நாளொன்றுக்கு மூன்று கோடி லிட்டருக்கும் மேல் இதே படுகையிலிருந்து எடுக்கிறது. கிழக்கே பெய்ததை மேற்கே எடுப்பதில் என்ன என்று கேட்கலாம். படுகையில் அழுத்தம் குறைந்தால் முதலில் நிற்பது இந்த மாதிரி ஊற்றுகள்தான்.

இந்த ஊற்றுகள்தான் அம்மா கேட்ட பதில். மரீயிலிருந்து ஊட்னடாட்டாவுக்கு மேலே வரை இவை வில் போல் வளைந்து வரிசையாகக் கிடக்கின்றன. பூர்வகுடிகள் ஃபிளிண்டர்ஸ் மலைக் காவிக்கல்லைச் சுமந்துகொண்டு ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்தார்கள். 1859இல் ஜான் மெக்டவுல் ஸ்டூவர்ட் அதே வரிசையைப் பிடித்துக் குதிரையில் போனார், பிறகு கண்டத்தையே தெற்கு வடக்காகக் கடந்தார். அவர் வழியில் 1872இல் தந்திக்கம்பி போனது. தந்திக்கம்பியை ஒட்டி ஒட்டகம் போனது. நீராவி இன்ஜினுக்கும் தண்ணீர் வேண்டுமே, எனவே ரயிலும் அங்கேயே போனது. வெள்ளம் திரும்பத் திரும்ப அரித்துப்போனதால் 1980இல் அந்தத் தண்டவாளத்தைக் கைவிட்டு, வெகு மேற்கே புதிதாகப் போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியதுதான் நாங்கள் டயர் கிழித்துக்கொண்டிருந்த பாதை. என் ஆறு தாள் அட்டவணையில் ஒரு கட்டத்திலும் ஊற்று என்ற சொல் இல்லை. டீசல் கிடைக்கும் இடத்தை மட்டும் சிவப்பில் குறித்திருந்தேன்.

அன்றிரவு அடுத்திருந்த கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம். ரயில் காலத்தில் நட்ட பேரீச்சைகள், பழைய தண்டவாளக் கட்டைகளால் கரை கட்டிய ஒரு சின்ன ஊற்றுத்தொட்டி, விறகு போட்டுச் சுடவைக்கும் குளியல் தண்ணீர். அம்மா இரும்புச் சட்டியில் கூட்டாஞ்சோறு செய்தாள். அரிசியும் பருப்பும் இருந்த காய்களும், வீட்டிலேயே அரைத்து உறையவைத்துக் கொண்டுவந்திருந்த தேங்காய் விழுதும். விரிசல் விட்ட பலகையில்தான் காய் வெட்டினாள். தணலை வாரி மூடியின் மேலும் போட வேண்டும் என்று அவர் எங்கோ பார்த்ததைச் செய்யப்போக, அடிப்பிடித்தது. அடியைத்தான் பிள்ளைகள் போட்டி போட்டுச் சுரண்டினார்கள். சின்னவன் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்கும் தட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சுட்ட மார்ஷ்மெல்லோவோடு வந்தான்.

அவுட்பேக் போகிறேன் என்றதும் எல்லோரும் எனக்கு நட்சத்திரங்களைத்தான் வாக்களித்தார்கள். நான் அட்டவணையில் பார்க்க மறந்த இன்னொன்று பௌர்ணமி. நட்சத்திரம் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது, நிலா கூடாரத் துணியைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மா மடக்குக் கட்டிலை வெளியே போடச் சொல்லி, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா உச்சிக்கு ஏறியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கே பார். வடை சுடுகிற பாட்டி தலைகீழாக இருக்கிறாள்."

உண்மைதான். நம் ஊரில் உச்சியேறும் நிலாவைப் பெரும்பாலும் தெற்கே பார்த்துப் பார்க்கிறோம், இங்கே வடக்கே பார்த்து. படம் கவிழ்ந்துவிடுகிறது. பதினாறு வருடமாக இதே நிலாவின் கீழ் இருக்கிறேன், கவனித்ததில்லை. பெரியவள் இரண்டு பேரையும் விநோதமாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த நிலா இது ஒன்றுதான். "அப்படியென்றால் ஊரில் இருக்கும் நிலாதானே ஆச்சி தலைகீழ்?" என்று கேட்டாள். ஆச்சி சற்று யோசித்து, "அங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல்லு" என்றாள்.

நள்ளிரவில் பேத்தியை எழுப்பித் துணைக்கு அழைத்துக்கொண்டு, செம்போடு கழிப்பறைக்குப் போய்வந்தாள். காலையில் பேத்தி என்னிடம், செம்பு நல்ல யோசனை என்றாள்.

அடுத்த நாள் வில்லியம் கிரீக். ஒரு மதுக்கடை, ஒரு விமான ஓடுபாதை, ஒரு கூடாரத் திடல், பத்துப் பன்னிரண்டு பேர். இதுதான் ஊர். பிற்பகலில் மேகம் கட்டியது. இரவு முழுக்கத் தூறல், விடிந்தும் விடவில்லை. ஊரில் இதற்கு மழை என்று பெயரே கிடையாது. இங்கே சாலையைச் சாத்திவிட்டார்கள். ஈரமான இந்த மண் சோப்பு மாதிரி. போனால் வண்டி கவிழும், கவிழாவிட்டாலும் சக்கரத் தடம் காய்ந்து மாதக்கணக்கில் சாலையைக் கெடுக்கும், அபராதமும் உண்டு. ஸ்டெப்னி வேறு கையில் இல்லை. இரண்டு நாள் அங்கேயே முடங்கினோம். மூன்றாம் நாள் மேற்கே கூபர் பீடிக்குப் போகும் சாலையை மட்டும் திறந்தார்கள். அந்த 166 கிலோமீட்டரை நாற்பது வேகத்தில், ஒவ்வொரு கல்லுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். கூபர் பீடியில் ஊரே நிலத்துக்கடியில் வாழ்கிறது என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அந்த ஊர் தொடங்கிய கதைதான். 1915இல் அப்பாவோடு தங்கம் தேடிவந்த பதினான்கு வயதுப் பையன் தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓப்பல் கல்லைக் கண்டானாம். அங்கே டயர் வாங்கி, தார்ச்சாலையில் ஏறி, ஐம்பது மீட்டர் நீள லாரித்தொடர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, 850 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்தோம். ஊட்னடாட்டாவைப் பார்க்கவில்லை.

சாலை சாத்தியிருந்த இரண்டாம் நாள் பிற்பகல். நான் சாலை நிலவர அறிவிப்பை ஐந்தாவது முறையாகப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். அம்மா கூடார முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சுக்குக் காப்பி, காலடியில் பிள்ளைகள், மடியில் என் அட்டவணை. ஒரு தாளைக் கிழித்துச் சாதாக்கப்பல் செய்தாயிற்று, அடுத்ததில் கத்திக்கப்பல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்கு முன்னால் செந்நிறத் தண்ணீர் ஒரு கையகலத்துக்கு வாய்க்காலாகப் பிடித்து, நெளிந்து நெளிந்து திடலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நிறத்தில் தேரியில் மழை பெய்தால் ஓடுமே, அதேதான்.

"இது எங்கே போகும் ஆச்சி?" என்று சின்னவன் கேட்டான்.

"தருவைக்கு" என்று கிழக்கே கையைக் காட்டினாள். நான் போய் வரைபடத்தைப் பார்த்தேன். கட்டி தண்டா கிழக்கேதான்.

முதல் கப்பலில் வெள்ளிக்கிழமை இருந்தது. மடிப்புக்கு வெளியே 'ஊட்னடாட்டா, மாலை 4.00' என்ற பச்சைக் கட்டம் தெரிந்தது. அது முப்பது அடி மிதந்து போய், ஓர் உப்புச்செடியின் வேரில் முட்டி நின்றது. சின்னவன் குச்சியை எடுத்துக்கொண்டு தள்ளிவிட ஓடினான்.

"விடு ஐயா" என்றாள் அம்மா. "அடுத்த மழைக்குப் போய்ச் சேரும்."